டாஸ் இயங்குதளத்திற்கான ஆடியோ பிளேயர்கள்

டாஸ் ஆடியோ பிளேயர்கள் என்பவை எம்எஸ்-டாஸ், பிசி-டாஸ், டிஆர்-டாஸ், ஃப்ரீடாஸ் போன்ற எழுத்துவடிவ இயங்குதளங்களில் இசை, பேச்சு முதலிய ஒலிக்கோப்புகளை ஒலிக்கச் செய்யும் மென்பொருள்கள் ஆகும். 1980களின் இறுதியில் தோன்றிய இவை 1990களில் பெரிதும் வளர்ந்தன. விண்டோஸ் இயங்குதளம் பரவிய பின் இவற்றின் பயன்பாடு குறைந்தது. ஆயினும் பழைய கணினிகளைப் பேணுவோரும் அக்கால இசைக்கோப்புகளைக் கேட்க விரும்புவோரும் இன்றும் இவற்றைப் பயன்படுத்துகின்றனர்.

இன்றைய பிளேயர்களுக்கும் இவற்றுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. இன்றைய பிளேயர் ஒலித் தரவை இயங்குதளத்திடம் ஒப்படைத்துவிடுகிறது. ஒலி அட்டையுடன் பேசும் வேலையை இயங்குதளம் பார்த்துக்கொள்கிறது. டாஸ் இயங்குதளத்தில் ஒலிக்கென்று எந்தப் பொது வசதியும் இல்லை. ஆகவே கோப்பைப் படிப்பது, அதன் குறிமுறையை அவிழ்ப்பது, ஒலி அட்டையைக் கண்டறிவது, அதற்கு நேரடியாகக் கட்டளையிடுவது, திரையில் காட்டுவது ஆகிய அனைத்தையும் பிளேயரே செய்ய வேண்டியிருந்தது. இவற்றின் சிறப்புக்கும் பின்னர் ஏற்பட்ட வீழ்ச்சிக்கும் இதுவே காரணம்.

பின்னணி

ஐபிஎம் நிறுவனம் 1981 ஆகத்தில் வெளியிட்ட தனிமேசைக் கணினி அலுவலகப் பணிகளை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டது. அதில் இருந்த ஒரே ஒலிக்கருவி, பிழை நேர்ந்தால் 'பீப்' என்று ஒலிக்கும் ஒரு சிறிய ஸ்பீக்கர். அதனுடன் வந்த டாஸ் இயங்குதளத்தின் முதன்மைப் பணி வட்டுகளையும் கோப்புகளையும் கையாள்வது. விசைப்பலகை, திரை, அச்சுப்பொறி ஆகியவற்றுக்கு அதில் பொதுவான சேவைகள் இருந்தன. இசைக்கு எதுவும் இல்லை.

இந்த இடைவெளியை நிரப்பப் பல நிறுவனங்கள் தனித்தனியே ஒலி அட்டைகளைத் தயாரித்தன. ஒவ்வொன்றின் அமைப்பும் வேறு, கட்டளைகளும் வேறு. எனவே பிளேயரை எழுதுபவர் அட்டை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இயக்கி நிரல் எழுதிச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு பிளேயர் எத்தனை அட்டைகளை அறியும் என்பதே அதன் தரத்தின் ஓர் அளவுகோலாக இருந்தது.

ஒலி வன்பொருள்கள்

கணினியின் உள் ஸ்பீக்கர்

இந்த ஸ்பீக்கர் ஒரு டைமர் சில்லின் கட்டுப்பாட்டில் இயங்கியது. அச்சில்லுக்கு வினாடிக்கு 11,93,182 துடிப்புகள் கிடைக்கும். நிரல் தரும் ஓர் எண்ணால் இத்துடிப்புகள் வகுக்கப்பட்டு, அதற்கேற்ற சுருதி எழும். எடுத்துக்காட்டாக 440 ஹெர்ட்ஸ் சுருதி வேண்டுமானால் 11,93,182-ஐ 440-ஆல் வகுத்துக் கிடைக்கும் 2,712 என்ற எண்ணைச் சில்லுக்குத் தர வேண்டும். இம்முறையில் ஒரு நேரத்தில் ஒரு சுருதி மட்டுமே எழும். ஒலியின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ இயலாது.

இந்த ஸ்பீக்கரிலும் பேச்சையும் இசையையும் ஒலிக்கச் செய்ய நிரலாளர்கள் வழி கண்டனர். ஸ்பீக்கரை மிக விரைவாக இயக்கியும் நிறுத்தியும், இயங்கும் நேரத்தின் நீளத்தை மாற்றிக்கொண்டே போனால், அதன் கூம்பு நடுவிலுள்ள நிலைகளிலும் நிற்பது போன்ற விளைவு ஏற்படும். இது துடிப்பு அகல மாற்றம் எனப்படும். வினாடிக்கு 16,000 முறை இவ்வாறு செய்தால், ஒவ்வொரு முறைக்கும் சுமார் 74 துடிப்புகளே கிடைக்கும். அதாவது சுமார் 6 பிட் அளவுக்கான நுணுக்கமே கிட்டும். ஒலி கரகரப்பாக இருந்தாலும் பாட்டு எது என்று அடையாளம் காண முடிந்தது. ஆனால் செயலியின் நேரம் முழுவதும் இந்த ஒரு வேலைக்கே செலவாயிற்று.

அச்சுப்பொறித் துறையில் பொருத்தும் கருவிகள்

கோவாக்ஸ் நிறுவனத்தின் ஸ்பீச் திங் என்னும் கருவி அச்சுப்பொறியை இணைக்கும் துறையில் பொருத்தப்பட்டது. அதனுள் முதன்மையாக இருந்தவை மின்தடைகள் மட்டுமே. துறையில் வரும் 8 பிட் எண்ணை அந்த மின்தடை ஏணி மின்னழுத்தமாக மாற்றும். அமைப்பு மிக எளிது என்பதால் மின்னணுவியல் ஆர்வலர்கள் வீட்டிலேயே இதைப் போன்ற கருவிகளைச் செய்துகொண்டனர். பெரும்பாலான பிளேயர்கள் இதற்கும் இயக்கி நிரல் வைத்திருந்தன. குறை யாதெனில், ஒலியின் ஒவ்வொரு மாதிரியையும் செயலியே உரிய கணத்தில் துறைக்கு அனுப்ப வேண்டும்.

இதே முறையில் வந்த டிஸ்னி சவுண்ட் சோர்ஸ் கருவியில் 16 பைட் அளவுள்ள சிறிய வரிசை நினைவகம் இருந்தது. அதனால் செயலிக்குச் சற்று ஓய்வு கிடைத்தது. ஆனால் ஒலிப்பு வீதம் வினாடிக்குச் சுமார் 7,000 மாதிரிகள் என்ற அளவோடு நின்றது.

ஆட்லிப்

கனடாவின் கியூபெக் நகரைச் சேர்ந்த ஆட்லிப் நிறுவனம் 1987இல் தன் இசை அட்டையை வெளியிட்டது. அதிலிருந்த யமஹா ஒய்எம்3812 சில்லு, பதிவு செய்த ஒலியை ஒலிப்பதில்லை. ஓர் அலையைக் கொண்டு மற்றோர் அலையின் அதிர்வெண்ணை மாற்றி, அதனால் இசைக்கருவிகளை ஒத்த ஒலிகளை உண்டாக்கும். ஒரே நேரத்தில் 9 குரல்கள் ஒலிக்கும். எந்தச் சுருதி, எப்போது என்ற குறிப்புகள் மட்டும் போதும் என்பதால் கோப்புகள் மிகச் சிறியவை. மெதுவான கணினியிலும் தடையின்றி இசைத்தன.

சவுண்ட் பிளாஸ்டர்

சிங்கப்பூரைச் சேர்ந்த கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனம் 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் அட்டையை வெளியிட்டது. ஆட்லிப் அட்டைக்கென எழுதப்பட்ட இசை இதிலும் ஒலித்தது. அத்துடன் பதிவு செய்த ஒலியை 8 பிட் அளவில் ஒற்றைத் தடத்தில் ஒலிக்கவும் முடிந்தது. பின்னர் 1991இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் புரோ இரட்டைத் தட ஒலியைத் தந்தது. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, குறுந்தகட்டுக்கு இணையாக 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ், இரட்டைத் தட ஒலியைத் தந்தது.

இந்த அட்டை பரவலானதால் மற்ற நிறுவனங்களும் தங்கள் அட்டைகளை 'சவுண்ட் பிளாஸ்டருக்கு இணக்கமானவை' என்று விற்றன. டாஸ் தராத பொதுத் தரத்தைச் சந்தையே ஏற்படுத்தியது எனலாம்.

கிராவிஸ் அல்ட்ராசவுண்ட்

கனடாவின் அட்வான்ஸ்டு கிராவிஸ் நிறுவனம் 1992இல் வெளியிட்ட இந்த அட்டைக்குத் தனி நினைவகம் இருந்தது. ஒலி மாதிரிகளை அதில் ஏற்றிவிட்டால், 32 குரல்கள் வரை அட்டையே கலந்து ஒலிக்கும். செயலிக்கு வேலை மிகக் குறைவு. எனினும் 14 குரல்கள் வரையே 44,100 ஹெர்ட்ஸ் தரம் கிடைத்தது. 32 குரல்களும் இயங்கும்போது அது சுமார் 19,200 ஹெர்ட்ஸாகக் குறையும். பின்வரும் மாட்யூல் வகை இசையை விரும்பியோரிடம் இந்த அட்டைக்குத் தனி மதிப்பு இருந்தது.

செயல்படும் விதம்

அட்டையைக் கண்டறிதல்

பிளேயர் இயங்கத் தொடங்கியதும் அதற்கு மூன்று செய்திகள் தெரிய வேண்டும்: அட்டையின் துறை முகவரி, குறுக்கீட்டு எண், நேரடி நினைவக அணுகல் தடத்தின் எண். சவுண்ட் பிளாஸ்டரைப் பொறுத்தவரை இவை 'பிளாஸ்டர்' என்னும் சூழல் மாறியில் எழுதிவைக்கப்பட்டன. கணினி தொடங்கும்போது தானே இயங்கும் கட்டளைக் கோப்பில் 'ஏ220 ஐ5 டி1' என்பது போன்ற வரி இருக்கும். துறை முகவரி பதினாறடிமான முறையில் 220, குறுக்கீட்டு எண் 5, தட எண் 1 என்பது அதன் பொருள். இவற்றுள் ஒன்று தவறினாலும் ஒலி வராது. அல்லது ஒலியின் முதல் துண்டே திரும்பத் திரும்ப ஒலிக்கும். குறுக்கீட்டு எண் தவறாக இருந்து, அடுத்த துண்டை அனுப்புமாறு அட்டை கேட்பது பிளேயருக்கு எட்டாமல் போவதே இதற்குக் காரணம்.

இரட்டை இடைநினைவகம்

ஒலி இடையறாத ஓட்டம். வட்டிலிருந்து கோப்பைப் படிப்பதோ விட்டுவிட்டு நடக்கும் வேலை. இவ்விரண்டையும் இணைக்க இடைநினைவகம் என்னும் தற்காலிகச் சேமிப்பிடம் பயன்பட்டது. இரண்டு குடங்களை வைத்துத் தோட்டத்துக்கு நீர் விடுவதை இதற்கு ஒப்பிடலாம். ஒரு குடத்து நீர் செடிக்கு வடிந்துகொண்டிருக்கும்போது மற்றொரு குடத்தைக் கிணற்றில் நிரப்பி வர வேண்டும். முதல் குடம் காலியாகும் முன் இரண்டாவது வந்துசேர வேண்டும். தாமதித்தால் ஓட்டம் அறுபடும்.

கணினியில் இது பின்வருமாறு நடைபெறும்:

1. பிளேயர் இடைநினைவகத்தின் இரு பாதிகளையும் ஒலித் தரவால் நிரப்புகிறது.
2. நேரடி நினைவக அணுகல் சில்லு, செயலியின் உதவியின்றி முதல் பாதியை அட்டைக்கு அனுப்புகிறது.
3. முதல் பாதி முடிந்ததும் அட்டை ஒரு குறுக்கீட்டு சைகை அனுப்புகிறது.
4. சில்லு இரண்டாம் பாதிக்குச் செல்கிறது. அதே நேரத்தில் பிளேயர் முதல் பாதியைப் புதிய தரவால் நிரப்புகிறது.
5. இது மாறி மாறித் தொடர்கிறது.

இதற்குக் கிடைக்கும் கால அளவை எளிதில் கணக்கிடலாம். குறுந்தகட்டுத் தர ஒலிக்கு வினாடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட், 2 தடங்கள். ஆக, 44,100 × 2 × 2 = 1,76,400 பைட். இடைநினைவகம் 64 கிலோபைட், அதாவது 65,536 பைட் எனில், அது 0.37 வினாடிக்குப் போதும். ஒரு பாதி 0.185 வினாடியில் தீர்ந்துவிடும். அதற்குள் அடுத்த பாதியை ஆயத்தம் செய்யாவிட்டால் ஒலியில் தடங்கல் கேட்கும்.

முதல் தலைமுறை சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகள் ஒவ்வொரு துண்டு முடிந்ததும் நின்று, புதிய கட்டளைக்குக் காத்திருந்தன. அதனால் துண்டுகளுக்கு இடையே 'டிக்' என்ற ஒலி கேட்டது. சவுண்ட் பிளாஸ்டர் 2.0 அட்டை முதல், நிறுத்தாமல் தானே சுற்றிவரும் வசதி சேர்க்கப்பட்டதால் இக்குறை நீங்கியது.

நினைவக வரம்புகள்

டாஸ் நிரல்களுக்கு இயல்பாகக் கிடைத்த நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே. இயங்குதளமும் பிற நிரல்களும் போக மீதியே பிளேயருக்கு. மேலும் 8 பிட் தடத்துக்கான இடைநினைவகம் 64 கிலோபைட் எல்லைக்கோட்டைக் கடந்து அமையக் கூடாது. கடந்தால், நேரடி நினைவக அணுகல் சில்லின் முகவரி எண்ணி தொடக்கத்துக்குத் திரும்பி, வேறிடத்துத் தரவை அட்டைக்கு அனுப்பிவிடும். எனவே வேண்டிய அளவைப் போல் இரு மடங்கு இடம் பெற்று, எல்லை குறுக்கிடாத பாதியைத் தேர்ந்துகொள்வது நிரலாளர்களின் வழக்கம்.

இன்டெல் 80386 செயலி வந்த பின், பாதுகாப்புப் பாங்கு எனப்படும் நிலையில் பல மெகாபைட் நினைவகத்தையும் பயன்படுத்த முடிந்தது. டாஸ்/4ஜிடபிள்யூ, டிஜேஜிபிபி போன்ற கருவிகள் இதற்கு உதவின. பெரிய பிளேயர்கள் பலவும் இவ்வழியையே பின்பற்றின.

பின்னணியில் இயங்குதல்

டாஸ் ஒரு நேரத்தில் ஒரு நிரலை மட்டுமே இயக்கும் இயங்குதளம். பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கடிதம் தட்டச்சு செய்ய வேண்டுமானால், பிளேயர் நினைவகத்தில் தங்கி, குறுக்கீடு வரும்போது மட்டும் விழித்து வேலை செய்ய வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. டாஸ் தன் ஒரு சேவையைச் செய்துகொண்டிருக்கும் நடுவில் அதே சேவையை மீண்டும் அழைத்தால் குழம்பிவிடும். ஆகவே தங்கும் பிளேயர், டாஸ் ஓய்வாக இருக்கிறதா என்று சோதித்த பிறகே வட்டைப் படிக்க வேண்டும். இச்சிக்கலைத் தவிர்க்க, முழுக் கோப்பையும் முன்கூட்டியே நினைவகத்தில் ஏற்றிக்கொள்வது பாதுகாப்பான வழி. சிறிய மிடி, மாட்யூல் கோப்புகளுக்கு இது பொருந்தியது.

ஒலிக்கோப்பு வகைகள்

பதிவு செய்த ஒலி

கிரியேட்டிவ் நிறுவனத்தின் விஓசி வகையும் விண்டோஸுடன் வந்த வேவ் வகையும் ஒலியை மாதிரிகளாக அப்படியே சேமிப்பவை. ஒலிப்பது எளிது, இடம் மிகுதியாகத் தேவைப்படும். 1.44 மெகாபைட் நெகிழ்தட்டின் கொள்ளளவு 14,74,560 பைட். குறுந்தகட்டுத் தரத்தில் வினாடிக்கு 1,76,400 பைட் வேண்டும் என்பதால், ஒரு நெகிழ்தட்டில் 8 வினாடிக்குச் சற்று மேற்பட்ட இசையே அடங்கும். அக்காலத்தில் வேறு வடிவங்கள் தேடப்பட்டதற்கு இதுவே காரணம்.

மிடி

மிடி கோப்பில் ஒலி இல்லை. எந்தக் கருவி, எந்தச் சுருதி, எவ்வளவு அழுத்தம், எவ்வளவு நேரம் என்ற குறிப்புகளே உள்ளன. பாடகர் கையிலுள்ள சுரக்குறிப்புத் தாளைப் போன்றது இது. பிளேயர் குறிப்புகளை உரிய நேரத்தில் அனுப்பும். ஒலியை உண்டாக்குவது அட்டையோ வெளிக்கருவியோ ஆகும். ஆகவே ஒரே கோப்பு ஆட்லிப் சில்லில் ஒரு விதமாகவும் ரோலண்ட் கருவியில் வேறு விதமாகவும் ஒலிக்கும்.

மாட்யூல்

டாஸ் காலத்தின் தனித்தன்மை வாய்ந்த வடிவம் இதுவே. கார்ஸ்டன் ஒபார்ஸ்கி 1987இல் அமிகா கணினிக்கென உருவாக்கிய அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் மென்பொருளில் இது தோன்றியது. இசைக்கருவிகளின் குறும்பதிவுகளும் அவற்றை எப்போது எப்படி ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளும் ஒரே கோப்பில் இருக்கும். சுரக்குறிப்புத் தாளுடன் வாத்தியங்களையும் ஒரே பெட்டியில் வைத்து அனுப்புவதற்கு இது ஒப்பாகும்.

பரவலாக வழங்கிய எம்ஓடி கோப்பின் அமைப்பு எளிமையானது. முதலில் 1,084 பைட் தலைப்பகுதி. அதில் பாட்டின் பெயர், 31 கருவிகளின் விவரம், கோலங்கள் வரும் வரிசை ஆகியவை இருக்கும். அடுத்து கோலங்கள். ஒரு கோலத்தில் 64 வரிகள், வரிக்கு 4 தடங்கள், தடத்துக்கு 4 பைட். ஆக, ஒரு கோலத்துக்கு 64 × 4 × 4 = 1,024 பைட். இயல்பான வேகத்தில் வினாடிக்கு 50 துடிப்புகள், வரிக்கு 6 துடிப்புகள் என்பதால் ஒரு வரி 0.12 வினாடி, ஒரு கோலம் 7.68 வினாடி. இறுதியில் கருவிகளின் குறும்பதிவுகள் இடம்பெறும். ஒரு கோலத்தைப் பல முறை பயன்படுத்தலாம் என்பதால் பல நிமிட இசை சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கியது.

அமிகா கணினியில் 4 தடங்களையும் வன்பொருளே கலந்தது. ஐபிஎம் வகைக் கணினியில் அவ்வசதி இல்லை. பிளேயரே ஒவ்வொரு தடத்தின் மாதிரியையும் தேவையான சுருதிக்கு ஏற்ப நீட்டியோ சுருக்கியோ, ஒலியளவால் பெருக்கி, நான்கையும் கூட்டி அட்டைக்குத் தர வேண்டும். 22,050 ஹெர்ட்ஸ் தரத்தில் 4 தடங்களுக்கு இது வினாடிக்கு 88,200 முறை நடக்க வேண்டிய கணக்கு. பெருக்கலின் விடைகளை முன்கூட்டியே அட்டவணையாக எழுதி வைத்துக்கொண்டு, பெருக்காமலேயே விடையை எடுப்பது அக்காலத்தில் வழங்கிய உத்தி.

1990களில் இவ்வடிவம் மேலும் வளர்ந்தது. பின்லாந்தின் ஃபியூச்சர் க்ரூ குழுவின் ஸ்கிரீம் டிராக்கர் 3, எஸ்3எம் வடிவத்தைத் தந்தது. ஆட்லிப் ஒலிகளையும் அதில் சேர்க்க முடிந்தது. சுவீடனின் டிரைட்டன் குழுவின் ஃபாஸ்ட்டிராக்கர் 2, எக்ஸ்எம் வடிவத்தைத் தந்தது. ஆத்திரேலியரான ஜெஃப்ரி லிம் எழுதிய இம்பல்ஸ் டிராக்கர், 64 தடங்கள் வரை கொண்ட ஐடி வடிவத்தைத் தந்தது.

ஒலிக் குறுந்தகடு

குறுந்தகட்டை ஒலிப்பதில் கணினிக்கு வேலையே இல்லை எனலாம். தகட்டியக்கி தானே ஒலியை மின்னலையாக மாற்றி, ஒரு சிறு கம்பி வழியே ஒலி அட்டைக்கு அனுப்பிவிடும். பிளேயர் செய்வது, எம்எஸ்சிடிஇஎக்ஸ் என்னும் துணைநிரல் வழியாக 'இந்த இடத்திலிருந்து ஒலி', 'நிறுத்து' என்று கட்டளையிடுவது மட்டுமே. பிளேயரை விட்டு வெளியேறிய பின்னும் பாட்டு தொடர்ந்து ஒலிக்கும்.

எம்பி3

எம்பெக்-1 தரத்தின் மூன்றாம் அடுக்கான இம்முறை 1993இல் பன்னாட்டுத் தரமாக வெளியிடப்பட்டது. மனிதச் செவி உணராத பகுதிகளைக் குறைத்து, ஒலியைச் சுருக்குவது இதன் அடிப்படை. வினாடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் 16,000 பைட்டே போதும். குறுந்தகட்டின் 1,76,400 பைட்டுடன் ஒப்பிட்டால் இது பதினொன்றில் ஒரு பங்கு.

இடம் மிச்சமானது, ஆனால் கணக்கு கூடியது. எம்பி3 கோப்பு 1,152 மாதிரிகள் கொண்ட சட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 44,100 ஹெர்ட்ஸ் தரத்தில் ஒரு சட்டம் சுமார் 26 மில்லிவினாடிக்கு ஒலிக்கும். அந்த 26 மில்லிவினாடிக்குள் அடுத்த சட்டத்தை அவிழ்த்து முடிக்க வேண்டும். 80386 கணினியால் முழுத் தரத்தில் இதைச் செய்ய இயலாது. வேகமான 80486 கணினிகளில் தரத்தைக் குறைத்தோ ஒற்றைத் தடத்திலோ கேட்க முடிந்தது. பென்டியம் செயலி வந்த பின்பே முழுத் தரத்தில் தடையின்றிக் கேட்பது இயல்பாயிற்று. ஒரே நேரத்தில் ஒரு வேலை மட்டும் செய்யும் டாஸ், செயலியின் ஆற்றல் முழுவதையும் பிளேயருக்கே தந்ததால், விண்டோஸில் திணறிய பழைய கணினியும் டாஸில் எம்பி3 பாடலை ஒலிக்க வாய்ப்பிருந்தது.

குறிப்பிடத்தக்க பிளேயர்கள்

- டியூவல் மாட்யூல் பிளேயர்: பின்லாந்தைச் சேர்ந்த ஓட்டோ கிரான்ஸ் எழுதியது. 1990களின் முற்பகுதியில் மாட்யூல் கோப்புகளுக்குப் பெரிதும் பயன்பட்டது.
- கியூபிக் பிளேயர்: நிக்லாஸ் பைசர்ட் தொடங்கியது. பலவகை மாட்யூல்களையும் மிடி, எம்பி3 ஆகியவற்றையும் ஒலிக்கும். பின்னர் இதன் மூலநிரல் கட்டற்ற உரிமத்தில் வெளியிடப்பட்டு 'ஓப்பன் கியூபிக் பிளேயர்' ஆனது. லினக்ஸ் போன்ற இயங்குதளங்களுக்கும் மாற்றி அமைக்கப்பட்டது.
- எம்பிஎக்ஸ்பிளே: ஹங்கேரியைச் சேர்ந்த அட்டிலா படார் எழுதியது. எம்பி3, ஆக், ஃபிளாக் முதலிய பல வடிவங்களை ஒலிக்கும். பழைய சவுண்ட் பிளாஸ்டர் மட்டுமன்றி, பின்னாளில் தாய்ப்பலகையுடனே வந்த ஏசி97, இன்டெல் எச்டி ஆடியோ ஆகியவற்றுக்கும் இயக்கி நிரல்களைக் கொண்டிருப்பது இதன் தனிச்சிறப்பு.
- குவிக்வியூ: ஜெர்மனியில் உருவானது. காணொளி, படம், ஒலி ஆகிய மூன்றையும் டாஸிலேயே காட்டவும் கேட்கவும் உதவியது.
- டேம்ப்: எம்பி3 கோப்புகளுக்கென எழுதப்பட்டது.
- டாஸ்மிட்: மிடி கோப்புகளுக்கானது. மிகப் பழைய செயலிகளிலும் இயங்கும் வகையில் பிற்காலத்தில் எழுதப்பட்டது.
- ஆட்பிளே: ஆட்லிப் சில்லுக்கென இயற்றப்பட்ட பலவகை இசைக்கோப்புகளை ஒலிப்பது. இதன் அடிப்படையான ஆட்பிளக் நூலகம் பிற இயங்குதளங்களிலும் பயன்படுகிறது.

பயனர் இடைமுகம்

இப்பிளேயர்கள் பெரும்பாலும் கட்டளை வரியிலிருந்து தொடங்கப்பட்டன. பிளேயரின் பெயரும் அதையடுத்துக் கோப்பின் பெயரும் தட்டச்சு செய்தால் போதும். டாஸில் கோப்பின் பெயர் 8 எழுத்துகளுக்கும் பின்னொட்டு 3 எழுத்துகளுக்கும் மிகக் கூடாது என்பதால், பாடல்களின் பெயர்களைச் சுருக்கியே எழுத நேர்ந்தது.

திரை பொதுவாக 80 நிரல், 25 வரி கொண்ட எழுத்துப் பாங்கில் இருந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதன் நிறத்துக்கு ஒரு பைட் என முழுத் திரைக்கும் 4,000 பைட்டே தேவை. இதனால் செயலிக்குச் சுமையின்றித் திரையை விரைவாக மாற்ற முடிந்தது. எழுத்துத் தொகுதியில் இருந்த கட்ட வடிவக் குறிகளைக் கொண்டே, ஏறி இறங்கும் ஒலியளவுப் பட்டைகளும் அலைவரிசைப் பட்டைகளும் வரையப்பட்டன. மாட்யூல் பிளேயர்களில், ஒலிக்கும் சுரங்களின் பெயர்கள் வரிவரியாக ஓடுவதைக் காணலாம். பாட்டைக் கேட்டுக்கொண்டே அது எவ்வாறு இயற்றப்பட்டது என்பதையும் பார்க்க முடிந்ததால், பல இளைஞர்கள் இசையமைப்பைக் கற்க இது வழியாயிற்று. இயற்றியவர்கள், கருவிகளின் பெயர்களுக்குரிய இடங்களில் நண்பர்களுக்கு வாழ்த்தும் செய்திகளும் எழுதி வைப்பது வழக்கமாக இருந்தது.

வழக்கொழிவு

விண்டோஸ் 95 இயங்குதளம் 1995 ஆகத்தில் வெளிவந்தது. அதில் ஒலி அட்டையின் இயக்கி நிரலை அட்டையைத் தயாரித்தவரே தந்தார். பிளேயர் எழுதுபவருக்கு அக்கவலை இல்லை. 1997இல் வெளியான வினாம்ப் போன்ற பிளேயர்கள் விரைவாகப் பரவின. நீண்ட கோப்புப் பெயர்களும் பாட்டு ஒலிக்கும்போதே வேறு வேலை செய்யும் வசதியும் பயனர்களை ஈர்த்தன.

வன்பொருள் மாற்றம் இதைவிடப் பெரிய அடியாக அமைந்தது. பழைய ஐஎஸ்ஏ இணைப்புக்குழிகள் தாய்ப்பலகைகளிலிருந்து படிப்படியாக நீக்கப்பட்டன. புதிய பிசிஐ அட்டைகளும் தாய்ப்பலகையிலேயே அமைந்த ஒலிச் சில்லுகளும் சவுண்ட் பிளாஸ்டரின் கட்டளைகளை நேரடியாக அறியாதவை. பிளேயரினுள் இருந்த இயக்கி நிரல் தேடும் அட்டை கணினியில் இல்லை. கணினியில் இருக்கும் சில்லைப் பிளேயர் அறியாது. மென்பொருளில் எந்தப் பழுதும் இல்லாமலே அது ஊமையாயிற்று.

பாதுகாப்பும் இன்றைய நிலையும்

பழைய பிளேயர்கள் மறைந்தால் இழப்பு என்ன என்ற கேள்வி எழலாம். வேவ், எம்பி3 கோப்புகளைப் பொறுத்தவரை இழப்பு ஏதுமில்லை. எந்தப் புதிய பிளேயரும் அவற்றை ஒலிக்கும். மாட்யூல்களின் நிலை வேறு. மாட்யூல் என்பது முடிந்த ஒலி அன்று. பிளேயர் பொருள்கொள்ள வேண்டிய குறிப்பு. பொருள்கொள்வதில் பிழை நேர்ந்தால் இயற்றியவர் கேட்ட இசை நமக்குக் கிட்டாது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு எம்ஓடி கோப்பிலுள்ள வேகக் கட்டளை. தொடக்க கால மென்பொருள்கள் அக்கட்டளையின் எண்ணை, ஒரு வரிக்கு எத்தனை துடிப்புகள் என்றே எடுத்துக்கொண்டன. பின்னர் வந்தவை 32-க்குக் குறைந்த எண்ணை அவ்வாறும், 32-உம் அதற்கு மேற்பட்டவற்றையும் நிமிடத்துக்கான தாள எண்ணிக்கை என்றும் கொண்டன. ஒருவர் பாட்டின் இறுதியில் இசை நீண்டு ஒலிக்கட்டும் என்று பெரிய எண்ணை எழுதியிருந்தால், புதிய பிளேயர் அதை வேகத்தை மாற்றும் கட்டளையாகக் கருதிவிடும். கோப்பில் ஒரு பைட்டும் மாறவில்லை, இசை மாறிவிடுகிறது. எனவே எந்தப் பிளேயரில் கேட்டு இயற்றப்பட்டது என்பதும் ஒரு மாட்யூலின் வரலாற்றில் சேர்ந்ததே. பழைய பிளேயர்கள் இயங்கும் நிலையில் இருந்தால்தான் புதியவற்றின் சரிபிழையை ஒப்பிட்டு அறிய முடியும்.

இப்பணி இன்று மூன்று வழிகளில் நடைபெறுகிறது.

முதலாவது, போலச்செய்யும் மென்பொருள். டாஸ்பாக்ஸ் மென்பொருள், விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்குள் ஒரு பழைய கணினியையே மென்பொருளாக அமைத்துத் தருகிறது. ஆட்லிப், சவுண்ட் பிளாஸ்டர், அல்ட்ராசவுண்ட் ஆகிய அட்டைகள் இருப்பது போன்ற தோற்றத்தை அது உண்டாக்குவதால், பழைய பிளேயர்கள் மாற்றமின்றி இயங்குகின்றன. மாணவர்கள் டாஸ் பிளேயர்களைச் செலவின்றி இயக்கிப் பார்க்க எளிய வழி இதுவே.

இரண்டாவது, கட்டற்ற டாஸ். 1994இல் ஜிம் ஹால் தொடங்கிய ஃப்ரீடாஸ் திட்டம், யாரும் பயன்படுத்தக்கூடிய டாஸ் இயங்குதளத்தைத் தொடர்ந்து வளர்த்து வருகிறது. எம்பிஎக்ஸ்பிளே, ஓப்பன் கியூபிக் பிளேயர், டாஸ்மிட் ஆகியவை அதன் மென்பொருள் தொகுப்பில் உள்ளன.

மூன்றாவது, புதிய வன்பொருளுக்குப் பழைய முகத்தைத் தருவது. எஸ்பிஎமு என்னும் நிரல், ஏசி97, எச்டி ஆடியோ சில்லுகள் உள்ள பிற்காலக் கணினியில் டாஸை நேரடியாக இயக்கும்போது, அதில் சவுண்ட் பிளாஸ்டர் அட்டை இருப்பது போலப் பழைய மென்பொருள்களுக்குக் காட்டுகிறது. இந்த நிரலின் அடிப்படையாக அமைந்தவை எம்பிஎக்ஸ்பிளேயில் இருந்த இயக்கி நிரல்களே. ஒரு பிளேயருக்காக எழுதப்பட்டு, மூலநிரல் திறந்து வைக்கப்பட்டதால், அவை பின்னர் மற்ற டாஸ் பிளேயர்களுக்கும் விளையாட்டுகளுக்கும் மீண்டும் ஒலி கிடைக்க உதவின. அந்த மூலநிரல் வெளியிடப்படாமல் இருந்திருந்தால், ஒவ்வொரு சில்லுக்கும் இயக்கி நிரலைத் தொடக்கத்திலிருந்தே எழுத நேர்ந்திருக்கும்.

கல்விப் பயன்

இன்றைய இயங்குதளங்களில் ஒலி பல அடுக்குகளைக் கடந்து செல்வதால், அது எவ்வாறு உண்டாகிறது என்பது மாணவருக்குப் புலப்படுவதில்லை. டாஸ் பிளேயரில் அந்த அடுக்குகள் இல்லை. டைமர் சில்லுக்கு 2,712 என்ற எண்ணை அனுப்பினால் 440 ஹெர்ட்ஸ் சுருதி எழுவதை ஒரு சிறு நிரலால் நேரில் சோதிக்கலாம். இடைநினைவகத்தின் அளவை மாற்றி, ஒலி எப்போது அறுபடுகிறது என்று பார்க்கலாம். 1,084 பைட் தலைப்பகுதியைப் படித்து ஒரு மாட்யூலின் பெயரையும் கருவிகளையும் பட்டியலிடும் நிரலை, நிரலாக்கம் கற்கத் தொடங்கிய மாணவரும் எழுதிவிடலாம். மாதிரி வீதம், குறுக்கீடு, இடைநினைவகம் ஆகிய கருத்துகள் கைபேசி முதல் தொலைக்காட்சி வரை இன்றும் மாறாமல் இருப்பதால், இங்கு கற்பது அங்கும் பயன்படும்.